தையல் பை மூடவில்லையா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஊசி, நூல், கத்தரிக்கோல் வைத்துக்கொள்ள வீட்டிலேயே தைக்கும் கையடக்கத் தையல் பையில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன: தடிமன். நீளத்தையும் அகலத்தையும் டேப் வைத்து அளக்கிறோம். துணி எத்தனை அடுக்காகச் சேர்கிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பை மூடாமல் புடைப்பது, மெஷின் முக்குவது, மூலை உருண்டுபோவது எல்லாம் அதன் விளைவுதான். நூல் சிக்கும் துருவும் தனி விவகாரம்; அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

மும்பையில் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் வீடுகளில் தைத்து என்னிடம் பழுது பார்க்க வரும் பைகள் அநேகமாக ஒரே வகை. மூன்றாக மடியும் செவ்வகம். வெளியே பழைய ஜீன்ஸ் அல்லது கனமான பருத்தி, உள்ளே மெல்லிய பருத்தி, நடுவில் இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸ். ஒரு மடிப்பில் பாக்கெட், இன்னொன்றில் ஊசி குத்திவைக்கும் கம்பளித் துண்டு. இரண்டு துணிகளின் நல்ல பக்கங்களையும் ஒன்றோடொன்று வைத்துத் தைத்து, விட்டிருக்கும் இடைவெளி வழியாகத் திருப்பி, சுற்றிலும் மேல்தையல் போடுவார்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த வகைப் பைக்கு. உள்துணி மட்டும் வெளிர்நிறமாகவே இருக்கட்டும். கருநீலத் துணியில் கழன்று விழுந்த ஊசியை ஓடும் லோக்கல் ரயிலில் தேடுவது நடக்காத காரியம்.

மூடினால் புடைக்கிறது, விளிம்புகள் ஒன்றோடொன்று சேரவில்லை

"அக்கா, அளவெல்லாம் சரியாகத்தான் வெட்டினேன், ஆனால் மூட மாட்டேன் என்கிறது." இதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். பையை விரித்தால் காரணம் உடனே தெரிந்துவிடும். 30 சென்டிமீட்டரை மூன்றால் வகுத்து, பத்துப் பத்தாக மடிப்புக் கோடு போட்டிருப்பார்கள். கணக்குச் சரி. ஆனால் முதலில் உள்ளே மடியும் பகுதி மற்ற இரண்டுக்கும் நடுவே அடங்க வேண்டும். மேலே வந்து மூடும் பகுதி எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும். மூன்றும் சம அளவாக இருந்தால் இரண்டும் நடக்காது. போதாக்குறைக்கு நடுவில் கத்தரிக்கோலும் பட்டன்களும் வேறு உட்கார்ந்திருக்கின்றன.

அளவை இப்படிப் பிரியுங்கள்: உள்ளே மடியும் பகுதி 9.5, ஒரு சிறிய முதுகுப் பட்டை 0.5, நடுப்பகுதி 10, பெரிய முதுகுப் பட்டை 1.5, மேல்மூடி 10.5. மொத்தம் 32 சென்டிமீட்டர். உயரம் 15. நான்கு பக்கமும் தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டால், வெட்ட வேண்டிய துணி 34க்கு 17. கேன்வாஸை முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக வெட்டாதீர்கள். 9.5, 10, 10.5 என்று மூன்று துண்டாக வெட்டி, முதுகுப் பட்டைகள் வரும் இடத்தில் வெறுமையாக விட்டு ஒட்டுங்கள். கேன்வாஸ் இல்லாத இடத்தில் துணி தானாக மடியும். இருக்கும் இடத்தில் நீங்கள்தான் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் பழைய மாதக் காலண்டர் தாளில் இதே அளவை வரைந்து, உள்ளே வைக்கப்போகும் சாமான்களை அப்படியே பரப்பி மடித்துப் பாருங்கள். நீங்கள் வைக்கும் கத்தரிக்கோல் தடிமனானது என்றால் 1.5 போதாது, 2 வேண்டும் என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

தைத்து முடித்த பை என்றால் பிரிக்கத் தேவையில்லை. நடுப்பகுதிக்கும் மேல்மூடிக்கும் இடையே, 1.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மேலிருந்து கீழாக இரண்டு நேர்த்தையல் போடுங்கள். அந்த இரண்டு கோட்டுக்குள் துணி முதுகுபோல் நிமிர்ந்து நிற்கும். மேல்மூடியின் அகலம் கொஞ்சம் குறையும். பட்டனை எடுத்துவிட்டு நாடா வைத்தால் அந்தக் குறை வெளியே தெரியாது. அதோடு கத்தரிக்கோலை நடுப்பகுதியிலிருந்து மேல்மூடிக்கு மாற்றிப் பாருங்கள். கனமான சாமான்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்வதும் புடைப்புக்கு ஒரு காரணம்.

புடைப்பு இல்லை, ஆனால் மூடும்போது மூலைகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் சாய்கின்றன என்றால், குற்றம் தடிமனில் இல்லை. துணி நூலோட்டத்துக்கு நேராக வெட்டப்படவில்லை. கடையில் துணியை ஒரு வெட்டு வெட்டி, பர்ரென்று கிழித்துக் கொடுத்தால் அந்த ஓரத்தை நம்பலாம். கத்தரியாலேயே முழுதும் வெட்டிக் கொடுத்ததை நம்ப முடியாது. பாவு என்னும் நீளவாக்கு நூலையும் ஊடை என்னும் குறுக்கு நூலையும் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. துணி ஓரத்தில் ஒரே ஓர் ஊடை நூலை ஊசி முனையால் நெம்பி எடுத்து, மெதுவாக இழுங்கள். துணி அந்த வரியில் சுருங்கிக்கொண்டே போகும். நூல் வெளியே வந்ததும் துணியில் மெல்லிய வெள்ளைக் கோடுபோல ஓர் இடைவெளி நிற்கும். அந்தக் கோட்டில் வெட்டுங்கள். ஜீன்ஸில் இப்படி நூல் இழுப்பது கஷ்டம். கால் பகுதியின் பக்கத் தையலை நம்பாமல், துணியின் உட்புறம் தெரியும் வெள்ளை நூலின் திசையைப் பார்த்து வெட்டுங்கள்.

மூலைக்கு வந்ததும் மெஷின் முக்குகிறது, ஊசி உடைகிறது

மெஷினைத் திட்டுவதற்கு முன் அடுக்குகளை எண்ணுங்கள். திருப்பிய பிறகு பாக்கெட் இருக்கும் ஓரத்தில் வெளித்துணி ஒன்று, உள்ளே மடிந்த அதன் ஓரம் ஒன்று, உள்துணி ஒன்று, அதன் ஓரம் ஒன்று. பாக்கெட் இரட்டைத் துணி என்றால் அது இரண்டு, அதன் ஓரம் இரண்டு. ஆக எட்டு. கேன்வாஸையும் தையல் ஓரம் வரை இழுத்து ஒட்டியிருந்தால் பத்து. ரவிக்கை தைக்கப் போட்ட 14ஆம் எண் ஊசி அதில் இறங்குமா?

திருப்புவதற்கு முன்பே ஓரங்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பாக்கெட் ஓரத்தைத் தையலிலிருந்து 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். உள்துணியை 6 மில்லிமீட்டர். வெளித்துணியை 8 மில்லிமீட்டர். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டினால் எல்லா விளிம்பும் ஒரே கோட்டில் முடிந்து, வெளியே ஒரு மேடு தெரியும். கேன்வாஸ் தையல் கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிட வேண்டும்.

பிறகு ஊசியை மாற்றுங்கள். பருத்தியோடு பருத்தி என்றால் 16ஆம் எண் போதும். ஜீன்ஸ் என்றால் 18. மெஷின் ஊசியில் எண் ஏற ஏறத் தடிமன் கூடும். கையூசியில் எண் ஏற ஏற ஊசி மெல்லியதாகும். திருப்பிய இடைவெளியைக் கையால் மூடும்போது 'பெரிய எண்ணாகக் கொடுங்கள்' என்று கடையில் கேட்டு வாங்கி, மயிரிழை ஊசியை ஜீன்ஸில் குத்தி வளைத்துக்கொள்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

மேடு இன்னும் இருந்தால் தட்டுங்கள். தாராவியின் 90 அடி சாலைப் பக்கம் பை தைக்கும் பட்டறைகளில் தடித்த தையலைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிய பிறகே மெஷினுக்கு அடியில் விடுவார்கள். வீட்டில் அம்மிக் குழவியின் முனையோ சிறு சுத்தியலோ போதும்; மேலே ஒரு துணித் துண்டைப் போட்டு, இரண்டு மூன்று தட்டு. கண்ணுக்கே தெரியும்படி தையல் அமுங்கும்.

மேட்டில் ஏறும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படி நிற்கும்போது மெஷினின் அடியிலுள்ள பல் துணியைத் தள்ளாது, தையல் ஒரே இடத்தில் குவியும். ஊசியைத் துணிக்குள் இறக்கி, ஃபுட்டைத் தூக்கி, அதன் பின்பக்கத்துக்கு அடியில் மடித்த அட்டையைச் செருகுங்கள். ஃபுட் மட்டமாகிவிடும். மேட்டிலிருந்து இறங்கும்போது அட்டை முன்பக்கம் போக வேண்டும். அந்த நான்கைந்து தையலைக் காலால் மிதித்து ஓட்டாமல், சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கம் உருட்டியே போடுங்கள்.

அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்கிறது

அடியில் தெரிவதால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குடைகிறார்கள். அடியில் வளையம் வளையமாக நூல் தொங்கினால் பெரும்பாலும் குற்றவாளி மேல்நூல். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காரவில்லை, அல்லது ஏறி இறங்கும் கொக்கியில் கோர்க்க மறந்திருக்கிறோம். ஃபுட் இறங்கியிருக்கும்போது தட்டுகள் இறுகியிருக்கும். அப்போது கோர்த்த நூல் தட்டுக்கு வெளியிலேயே நழுவி நிற்கும். ஃபுட்டைத் தூக்கிவைத்து முழுவதுமாகப் புதிதாகக் கோருங்கள். தொடங்கும்போது இரண்டு நூல் முனையையும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இவ்வளவிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மேல்பக்கம் வளையம் தெரிந்தால்தான் பாபின் மேல் சந்தேகப்பட வேண்டும். பாபின் கேஸை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு, கையை லேசாக உதறுங்கள். சற்றே இறங்கி நின்றால் சரி. சரசரவென்று தரைக்குப் போனால் இளக்கம். அசையவே இல்லையென்றால் இறுக்கம். கேஸில் இருக்கும் சிறு திருகைக் கால் திருப்புக்கு மேல் திருப்பாதீர்கள்.

இடையிடையே தையல் விட்டுப்போனால் ஊசியை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் கேன்வாஸின் பசை ஊசியில் ஏறியிருக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போகும்.

கேன்வாஸ் கொப்புளம் போடுகிறது

இஸ்திரிப் பெட்டியைத் துணி தேய்ப்பதுபோல இழுத்திருப்பீர்கள். கேன்வாஸை ஒட்டும்போது பெட்டியை வைத்து அழுத்தி, 10 முதல் 15 விநாடி அசையாமல் நின்று, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். மேலே ஈரத் துணி ஒன்று. சூடு ஆறும்வரை துணியைத் தூக்காதீர்கள். பசை சூட்டோடு இருக்கும்போது மடங்கினால் அந்த மடிப்பு அப்படியே நிற்கும். எந்தப் பக்கம் பசை என்று சந்தேகமாக இருந்தால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சொரசொரப்பான பக்கம்தான் பசை.

துவைத்த பிறகு கொப்புளம் வந்தாலோ, பை முழுதும் படகுபோல் வளைந்துகொண்டாலோ காரணம் வேறு. பழைய ஜீன்ஸ் ஏற்கெனவே சுருங்கி முடிந்த துணி. மங்கள்தாஸ் மார்க்கெட்டில் வாங்கிய புதுப் பருத்தி இனிமேல்தான் சுருங்கப் போகிறது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் உள்துணி வெளித்துணியைத் தன் பக்கம் இழுக்கும். புதுத் துணியை வெட்டும் முன்பே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சாயம் போகிறதா என்பதும் அந்த வாளித் தண்ணீரிலேயே தெரிந்துவிடும். வளைந்துவிட்ட பைக்கு வைத்தியம் இல்லை. உள்துணியைப் பிரித்துப் புதிதாக வைக்க வேண்டியதுதான்.

மூலை கூராக வரவில்லை. திருப்பும்போது தையல் பிரிகிறது

மூலையில் துணியைக் குறுக்காக, தையலுக்கு 2 மில்லிமீட்டர் வரை வெட்டிவிடுங்கள். தடித்த துணியில் மூலையைச் செங்கோணமாகத் திருப்பாமல், முனையில் ஒரே ஒரு தையலைக் குறுக்காகப் போட்டுப் பிறகு திரும்புங்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இப்படித் தைத்த மூலைதான் திருப்பிய பிறகு கூராகத் தெரியும். உள்ளே மடங்கும் துணிக்கு இடம் கிடைத்துவிடுகிறது. கத்தரிக்கோல் முனையால் குத்தித் தள்ளினால் மூலையில் ஓட்டைதான் மிஞ்சும். பின்னல் ஊசியோ, மூடிய பேனாவோ எடுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பும் இடைவெளி 8 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், பாக்கெட் இல்லாத நேர்ப்பக்கத்தில். இரண்டு முனையிலும் ரிவர்ஸ் தையல் கட்டாயம். நாடா வைப்பவர்கள் அதன் நீண்ட பகுதியைச் சுருட்டி, துணிகளுக்கு நடுவே உள்பக்கமாகக் குத்தி வைத்துவிட்டுத் தைக்க வேண்டும். இல்லையென்றால் நாடாவின் நுனி எதிர்ப்பக்கத் தையலில் மாட்டிக்கொள்ளும்.

கத்தரிக்கோல் முனை துளைத்துக்கொண்டு வருகிறது, கொக்கிகள் உதிர்கின்றன

காலை நேர லோக்கலில் கைப்பை நாலு பக்கமும் நசுங்கும். அதில் பருத்திப் பாக்கெட் கத்தரிக்கோலைத் தாங்காது. பாக்கெட்டின் அடியில், முனை உட்காரும் இடத்தில், ஜீன்ஸ் இடுப்புப் பட்டியிலிருந்து ஒரு துண்டை இரட்டையாக வைத்துத் தையுங்கள். தாராவியில் தோல் துண்டுகள் மலிவாகக் கிடைப்பதால் பலர் தோலை வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பதனிட்ட தோலில் தங்கும் உப்பும் அமிலமும், கூடவே அது பிடித்துவைக்கும் ஈரமும், மழைக்காலத்தில் எஃகை அரிக்கும். வெளியுறைக்குத் தோல் சரி. கத்தரிக்கோலும் ஊசியும் அதில் நாள் கணக்கில் உரசிக்கொண்டிருக்கக் கூடாது. நூல் வெட்ட மட்டும்தான் என்றால், புலேஷ்வர் கடைகளில் கிடைக்கும் சிறு கட்டரை மூடியோடு வாங்கிக்கொள்ளலாம். விமானப் பயணத்தில் இரண்டையுமே செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

கொக்கி, பிரஸ் பட்டன் போன்ற பொடிச் சாமான்களுக்கு எந்தப் பாக்கெட்டும் ஆகாது. பை தலைகீழானால் கொட்டத்தான் செய்யும். மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தரும் குட்டி ஜிப் கவர்தான் சரி. கொக்கியையும் அது மாட்டும் வளையத்தையும் ஓர் ஊக்கில் சேர்த்துக் கோர்த்துப் போட்டால் தேட வேண்டியிருக்காது.

பட்டன் துணியோடு பிய்ந்து வருகிறது

பட்டனைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இழுப்பு முழுவதும் ஒற்றைத் துணியின் மேல் விழுகிறது. வெளித்துணிக்குப் பின்னால், திருப்புவதற்கு முன்பே, 3 சென்டிமீட்டர் சதுர ஜீன்ஸ் துண்டை வைத்து, அதையும் சேர்த்துப் பட்டனைத் தையுங்கள். வெல்குரோவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதன் கொக்கிப் பக்கம் நூலையும் கம்பளியையும் பிடித்து இழுத்து, ஒரு மாதத்தில் பஞ்சடைத்துப் பிடிப்பை இழந்துவிடும். பாவாடை நாடாவே போதும். பை தடித்தாலும் மெலிந்தாலும் அதற்கேற்ப இறுக்கிக் கட்டலாம். எந்தப் பட்டனும் அந்த வேலையைச் செய்யாது.

நூலெல்லாம் ஒரே சிக்கு

பழைய பிளாஸ்டிக் அட்டையை இரண்டாக வெட்டி, ஓரங்களில் சிறு வெட்டுகள் போட்டு, ஒவ்வொரு நிறத்திலும் ஐந்து மீட்டர் சுற்றிக்கொள்ளுங்கள். முழு ரீலைப் பைக்குள் திணிப்பதாலும் முதலில் சொன்ன புடைப்பு வருகிறது. தைக்கும்போது சிக்கினால் நூல் நீளம் அதிகம் என்று பொருள். 45 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். நாட்டுமருந்துக் கடைத் தேன்மெழுகில் ஒருமுறை நூலை இழுத்துவிட்டால் முறுக்கிக்கொள்வது குறையும்.

ஊசி துருப்பிடிக்கிறது

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் இதைத் தடுப்பது பெரும்பாடு. ஊசி எஃகு, மேலே பூசியிருக்கும் நிக்கல் தேய்ந்த இடத்தில் துரு தொடங்கும். ஈரக் காற்றும் விரலின் வியர்வை உப்பும் அதற்குப் போதும். பஞ்சடைத்த மெத்தையில் ஊசியைக் குத்தி வைத்தால், பஞ்சு குடித்த ஈரம் ஊசியைச் சுற்றியே நிற்கும். ஸ்பாஞ்சும் அப்படித்தான்.

பழைய சால்வை அல்லது கோட்டிலிருந்து வெட்டிய தூய கம்பளிதான் நல்லது. கடைகளில் கம்பளி என்று விற்கும் ஃபெல்ட் துணி பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர். சோதிக்க ஓர் இழையை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி சுருண்டு, மயிர் கருகும் நாற்றம் அடித்து, தொட்டால் பொடியாகும் கரியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான கரு மணியாகிவிடும். கம்பளித் துண்டை நான்கு பக்கமும் தைத்துவிடாதீர்கள். இரண்டு இதழ்களாக வெட்டி, ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தையுங்கள். அப்போது ஊசி கம்பளிக்குள் மட்டும் நிற்கும். உள்துணியையும் தாண்டிக் கேன்வாஸில் குத்தினால் பசை ஒட்டி, அடுத்தமுறை தைக்கும்போது துணியில் இறங்க மறுக்கும். ஊசிகள் நழுவி விழுகின்றன என்பவர்களுக்கும் இதே இரட்டை இதழ்தான் பதில்: ஒரு ஊசியை உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே என்று குத்தி வையுங்கள்.

காந்தம் வைத்துத் தைப்பதும் இப்போது பரவியிருக்கிறது. ஊசி விழாது என்பது உண்மை. ஆனால் ஊசிகளே காந்தமாகி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பின்பக்கம் கருப்புப் பட்டை உள்ள வங்கி அட்டைகளை அதே கைப்பையில் ஒட்டி வைக்கவும் கூடாது.

மழைக்காலம் தொடங்கும் முன் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டை மெல்லிய துணியில் தேய்த்து, ஊசிகளை அதில் ஒருமுறை இழுத்து, பிறகு உலர்ந்த துணியில் இரண்டு முறை இழுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் ஒரு பாக்கெட்டில் போடலாம். அது சில வாரங்களில் ஈரம் குடித்து நிறைந்துவிடும், அப்போது மாற்ற வேண்டும். லேசான துரு என்றால் 600ஆம் எண் உப்புத்தாளை மடித்து, நடுவே ஊசியை முனைப் பக்கமாக நாலைந்து முறை இழுத்தால் போய்விடும். முனையிலோ காதிலோ குழி விழுந்திருந்தால் தூக்கி எறியுங்கள். அது துணியின் இழையை அறுக்கும், நூலையும் அறுக்கும்.

துருப்பிடித்த ஊசியால் அவசரத்தில் வெள்ளை வேட்டி ஓரத்தைப் பிடித்துத் தைத்து, பழுப்புக் கறை விழுந்துவிட்டதா? பிளீச்சிங் பொடி போடாதீர்கள். அது துருக்கறையை எடுக்காது, இன்னும் அழுத்தமாக்கிவிடும். கறையில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, மேலே உப்புத் தூவி, வெயிலில் வைத்து, காயக் காய மறுபடி சாறு விடுங்கள், பிறகு அலசுங்கள். வண்ணத் துணியில் மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம், சாறு பட்ட இடம் வெளுத்துவிடும்.